பரபக்கம் தெரியாத பண்டிதர்

அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டாக வகுத்தார். உலகாயதன் என்ன சொல்கிறான், பௌத்தன் என்ன சொல்கிறான், சமணன் என்ன சொல்கிறான் என்று எதிராளியின் கட்சியை முதலில் எடுத்து வைத்துவிட்டு, அப்புறம்தான் அதன் மேல் கை வைப்பார். மறுக்கிறவன் மறுக்கப்படுவதைப் படித்திருக்க வேண்டும் என்பது எங்கள் மரபில் எழுநூறு வருடத்துப் பழைய சங்கதி. ஆறுமுக நாவலர் தரப்பு வள்ளலாரின் அருட்பாவை மருட்பா என்று சாடியபோதுகூடப் பாட்டைப் படித்துவிட்டுத்தான் சாடியது. இந்த மரபு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, ஏ-9 வீதி வழியாக மாத்தளை வரைக்கும் வந்து, கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட எங்கோ வழி தெரியாமல் இறங்கிப் போய்விட்டது போலிருக்கிறது.

விஷயம் இதுதான். மாத்தளை வீதியில் ஒரு டியூஷன் வகுப்பின் மாடியில், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒன்பது பத்துப் பேர் கூடி ஒரு புத்தகத்தைப் பற்றிக் கதைக்கிறோம். சென்ற முறை எடுத்தது ‘வீ ஃபோர் வெண்டெட்டா’. ஆலன் மூர் எழுதி டேவிட் லாய்ட் வரைந்த சித்திர நாவல். அணுயுத்தத்துக்குப் பின் பாசிசக் கட்சி ஒன்றின் கைக்குப் போய்விட்ட 1997ஆம் ஆண்டு இங்கிலாந்து. கய் ஃபோக்ஸ் முகமூடி போட்ட ஒருவன் தனியாளாக அந்த ஆட்சியின் மூட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறான். இருந்தது ஒரே ஒரு பிரதி, அது இரண்டு மாதம் கைமாறி அட்டை கழன்று வந்து சேர்ந்தது. அன்றைக்குச் சிறப்பு விருந்தினராக வந்த ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி, இந்த வட்டாரத்தில் எந்தப் பொன்னாடைக்கும் தோள் கொடுக்கத் தவறாதவர், நாற்பது நிமிடம் அந்தப் புத்தகத்தைத் திட்டினார். அதோடு நின்றிருந்தால் பிளேன்டீயோடு கரைந்து போயிருக்கும். அதையே ஒரு சிற்றிதழில் ஏழு பக்கத்துக்கு எழுதி, அங்கே கருத்துச் சொன்ன எங்கள் வாசகர்களை ‘அரைவேக்காட்டு அபிப்பிராயக்காரர்கள்’ என்று பட்டமளித்தும் விட்டார். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. பண்டிதர் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கும் அது பிடிக்கும்.

பண்டிதரின் முதல் குற்றச்சாட்டு: இது பொம்மைப் புத்தகம், படம் வாசகனின் கற்பனையைச் சோம்பலாக்கும், சொல் ஒன்றே இலக்கியம். நல்லது. இதே பண்டிதர் சில வருடங்களுக்கு முன் ஒரு விழா மலரில், வகுப்பு மேசைக்குக் கீழே முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியை ஒளித்து வாசித்ததாகவும், தன்னை வாசகனாக்கியதே அந்தக் கைதான் என்றும் உருகி எழுதியிருந்தார். தன்னை ஆளாக்கிய அதே மருந்து அடுத்த தலைமுறைக்கு மட்டும் நஞ்சாகும் என்பது எந்த அளவை நூலில் வருகிற அனுமானம்? மின்சாரம் பாய்ந்தால் மாயாவிக்குக் கையைத் தவிர மற்றதெல்லாம் மறைந்துவிடும். பதவி பாய்ந்ததில் பண்டிதருக்கு என்ன மிஞ்சியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

படம் சோம்பலாக்கும் என்கிறவர் இந்தப் படங்களைப் பார்த்தாரா? லாய்ட் ஆரம்பத்திலேயே இரண்டு விஷயங்களைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் வரைய உட்கார்ந்தார்: பாத்திரங்களின் தலைக்கு மேல் மிதக்கும் நினைப்பு மேகம், ஓசைக்கான எழுத்து. பாராளுமன்றம் வெடிக்கிறது, ஒரு ‘டமார்’ கிடையாது. கொலைகாரன் யோசிக்கிறான், என்ன யோசிக்கிறான் என்று எழுதித் தர யாரும் இல்லை. முகமூடியோ கோட்டுக்குக் கோடு மாறாத ஒரே சிரிப்பு. ஆனாலும் ஒரு பக்கத்தில் அது கேலி செய்கிறது, இன்னொரு பக்கத்தில் அழுகிறது. நிழல் விழுகிற இடம் மாறுவதைத் தவிர அங்கே வேறொன்றும் மாறுவதில்லை, மிச்சத்தைச் செய்வது பார்க்கிறவனின் மண்டை. வாய்பாடு போல உவமையை அடுக்கிவிட்டு அதற்குப் பொழிப்புரையையும் கூடவே தருகிற மேடைத் தமிழில் ஊறியவருக்கு, வாசகனிடம் இவ்வளவு வேலை வாங்குகிற ஒன்று சோம்பலாகத் தெரிவதில் ஆச்சரியம் என்ன?

படக்கதை மேனாட்டுச் சரக்கு என்பது அவருடைய உபரிக் கருத்து. கண்டிப் பக்கத்தில் அறுபது வருடம் குடியிருக்கிறவர் தெகல்தொருவ விகாரைக்கு ஒருமுறைகூடப் போகவில்லையா? பதினெட்டாம் நூற்றாண்டில், நாயக்க வம்சத்து அரசர்கள் கண்டியை ஆண்ட காலத்தில், அந்தக் குகைச் சுவரில் வெஸ்ஸந்தர ஜாதகத்தை வரிசை வரிசையாக வரைந்து வைத்திருக்கிறார்கள். கோடு கிழித்துப் பிரித்த பட்டைகள். ஒரே ஆள் அடுத்தடுத்துத் தோன்றுவான். கண் ஓட ஓடக் கதை நகரும். அந்தச் சுவருக்கு முன்னால் நின்ற எழுத்தறியாத கமக்காரன் சோம்பேறியாகிப் போனான் என்றும் எழுதிவிடலாமே.

இங்கே ஒரு சின்னத் துப்பறிதல். பண்டிதரின் கட்டுரையில் நாயகி ஈவி ‘தொலைக்காட்சி நிலைய ஊழியை’. சர்வாதிகாரியின் பெயர் ‘சட்லர்’. கடைசியில் ‘ஆயிரக்கணக்கான மக்கள் முகமூடி அணிந்து வீதிக்கு வரும் காட்சி’ வன்முறைக்கு விடுத்த அழைப்பாம். இந்த மூன்றும் புத்தகத்தில் இல்லை. புத்தகத்தில் ஈவிக்குப் பதினாறு வயது. கூலி பற்றாமல் முதல் தடவையாக உடலை விற்கத் தெருவுக்கு வந்து, ஆட்சியின் இரகசியப் பொலிஸ்காரனிடமே போய் விலை பேசி மாட்டிக்கொள்கிற சிறுமி. தலைவரின் பெயர் ஆடம் சூசன். முகமூடி போட்ட கூட்டமும் அங்கே கிடையாது. மூன்றும் 2006இல் வந்த ஹொலிவூட் படத்தில் இருக்கின்றன. எந்தப் படத்தில் தன் பெயரையே போடாதே என்று ஆலன் மூர் அடம்பிடித்துக் கழன்றுகொண்டாரோ அதே படத்தில். ஆக, சொல்லே இலக்கியம், படம் சோம்பல் என்று ஏழு பக்கம் உபதேசித்தவர், புத்தகத்தை வாசிக்கச் சோம்பல்பட்டுப் படம் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். இதற்கு மேல் நான் எழுதாமல் விட்டாலும் வழக்கு முடிந்த மாதிரிதான். ஆனால் அவர் எங்கள் வாசகர்களைத் தொட்டிருக்கிறார், எனவே விடுவதாக இல்லை.

துணிக்கடையில் நிற்கிற பொடியன் ஒருவன் அன்றைக்குச் சொன்னான்: “அண்ணே, இந்த ஆளு கடைசி வரைக்கும் முகமூடியக் கழட்டல பாருங்க. கழட்டியிருந்தா எனக்குக் கோவம் வந்திருக்கும்.” பண்டிதர் சிரித்தார். கட்டுரையில் இதை ‘சினிமா ரசிக மனப்பான்மை’ என்று குறிப்பிட்டிருக்கிறார். செத்துக் கிடக்கிறவனின் முகமூடியை விலக்கிப் பார்க்கலாமா என்று ஈவி தடுமாறுகிற அந்தப் பக்கங்கள்தான் முழு நாவலின் அச்சாணி. விலக்கினால் ஒரு ஆள். விலக்காவிட்டால் யாராகவும் இருக்கலாம். விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியதைச் சட்டைத் துணி மடிக்கிற கையோடு ஒருவன் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போகிறான். அரைவேக்காடு எந்த அடுப்பில் இருக்கிறது?

இரண்டாவது குற்றச்சாட்டு, இது இலண்டன்காரனின் தலைவலி, நமக்கு ஒட்டாது என்பது. நமக்கு ஒட்டாதாம்! ‘வொரியர்’ சஞ்சிகையில் இந்தக் கதை கறுப்பு வெள்ளையில் தொடராக ஆரம்பித்தது 1982இல். ‘தற்காலிகம்’ என்று சொல்லி 1979இல் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தை இந்த நாடு நிரந்தரமாக்கியதும் 1982இல்தான். மூர் தாட்சரின் இங்கிலாந்தைப் பார்த்துப் பயந்து, இப்படியே போனால் என்னவாகும் என்று கற்பனை செய்தார். கற்பனை செய்ய வேண்டிய சிரமம் நமக்கு இருந்ததா? அதற்கு முந்தின வருடம்தான் யாழ்ப்பாண நூலகத்தில் 97,000 நூல்கள் எரிந்திருந்தன. தடை செய்யப்பட்ட புத்தகங்களையும் இசைத்தட்டுகளையும் நிலவறையில் ஒளித்து வைத்திருக்கும் அந்த முகமூடிக்காரனைப் பார்த்து, இவன் நமக்கு அந்நியன் என்று சொல்ல ஒரு தமிழ் வாசகனுக்கு எவ்வளவு மறதி வேண்டும்?

அந்த ஆட்சியின் திணைக்களங்களுக்கு மூர் வைத்த பெயர்கள் உடலுறுப்புகள். கண் பார்க்கும், காது ஒட்டுக் கேட்கும், மூக்கு துப்பறியும், விரல் பிடித்து இழுத்து வரும், வாய் பிரசாரம் செய்யும், எல்லாவற்றுக்கும் மேலே தலை. முதல் பக்கத்தைத் திறந்தால் ஒலிபரப்புக் குரல் ஒன்று மழை எத்தனை மணிக்குத் தொடங்கும், எத்தனை மணிக்கு விடும் என்று அடித்துச் சொல்கிறது, எந்தப் பகுதிகளுக்குள் போகக்கூடாது என்று அதே மூச்சில் அறிவிக்கிறது. 2018 மார்ச்சில் நாங்கள் எங்கே இருந்தோம்? முஸ்லிம்களுக்கு எதிராகத் திகனையில் பற்றிய நெருப்பு அக்குறணை, அம்பத்தென்ன என்று வந்துகொண்டிருந்தது. 5ஆம் திகதி ஊரடங்கு, 6ஆம் திகதி அவசரகாலச் சட்டம், 7ஆம் திகதி முகநூலும் வட்ஸ்அப்பும் முடக்கம். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் மேல் ஒரு நாய் மட்டும் நடந்து போனதை நான் மாடி ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். அது நடுப்பாலத்தில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தது. ஒலிபெருக்கி வண்டி வந்ததும் ஒதுங்கியது. லாய்ட் வரைந்த வெறுந்தெருவைப் பார்க்கும்போது எனக்கு அந்த நாய் ஞாபகம் வருகிறது. பண்டிதருக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை என்றால் குறை லாய்டிடம் இல்லை.

இன்னும் நெருங்கி வருவோம். எங்கள் கூட்டத்துக்கு வருகிற ஒரு தங்கை, பார்மசியில் வேலை, தோட்டத்தில் பிறந்தவள். நாவலில் மனிதர்களை வகை பிரித்து முகாமுக்கு அனுப்புகிற பக்கத்தைக் காட்டி, “எங்க அம்மாச்சியோட பேரு எந்தக் கணக்குல இருந்திச்சுன்னு யாருக்கும் தெரியாது” என்றாள். பண்டிதர் இதைச் ‘சம்பந்தமில்லாத குடும்பப் புராணம்’ என்கிறார். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம். ஒரே கையெழுத்தில் தோட்டத்துச் சனம் நாடற்றவராகிறது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம். அரிசி மூட்டை பங்கு போடுவது போல, பங்கு போடப்பட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல். துர்கனவு இலக்கியம் எழுதுகிற எந்த வெள்ளைக்காரனுக்காவது ‘மிச்சத்தைப் பிறகு பார்ப்போம்’ என்ற அந்த வரி தோன்றியிருக்குமா? மூரின் கற்பனை நமது வர்த்தமானியிடம் தோற்றுப் போகிற இடம் இது. நமக்கு ஒட்டாத கதை என்பவர், மலையகத்தில் இத்தனை பாடசாலைகளை மேற்பார்வை செய்துவிட்டு வந்தவர்.

எழுத்துக்காக யாரையும் இங்கே பிடிப்பதில்லை என்றும் ஒரு பந்தி. அப்படியா? ‘நவரசம்’ என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்பு வந்தது 2017இல். அதை எழுதிய மன்னார்க் கவிஞர் அஹ்னாஃப் ஜஸீமை 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். பிணை கிடைத்தது 2021 டிசம்பரில், நீதிமன்றம் விடுவித்தது 2023 டிசம்பரில். அந்தத் தொகுப்பில் தீவிரவாதத்தைக் கண்டிக்கிற கவிதைகளே இருந்தன என்பது இந்தக் கதையின் கொடூரமான பகிடி. சிங்களத்தில் ஒரு சிறுகதைக்காகச் சக்திக சத்குமார 2019இல் நான்கு மாதம் மறியலில் இருந்தார். பண்டிதர் பத்திரிகை வாசிப்பதும் படம் பார்க்கிற மாதிரித்தானோ?

மூன்றாவது குற்றச்சாட்டைத்தான் அவர் ஆற அமர எழுதியிருக்கிறார்: இது வன்முறையைப் போற்றுகிறது, இளைஞர் கையில் கிடைத்தால் ஆபத்து. முதலில் ஒரு கணக்கைத் தீர்த்துவிடுவோம். கட்டுரையின் முதல் பக்கத்தில் சிறுபிள்ளைகளின் பொம்மைப் புத்தகம், ஐந்தாம் பக்கத்தில் அரசைக் கவிழ்க்கும் வெடிகுண்டு. இரண்டும் ஒன்றாக இருக்க முடியுமா? 2022இல் இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்களே, அதற்கு ஆலன் மூரா காரணம்? காஸ் வரிசை காரணம், பெற்றோல் வரிசை காரணம், பதின்மூன்று மணி நேர மின்வெட்டு காரணம், ஓர் இரவில் இரசாயன உரத்தைத் தடை செய்த மேதாவித்தனம் காரணம். காஸ் சிலிண்டருக்குச் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு நடைபாதையில் படுத்துக் கிடந்தவன் சித்திர நாவல் வாசித்தா சூடேறினான்?

இருக்கட்டும், வன்முறைக்கே வருவோம். பண்டிதர் முப்பது வருடமாகச் சிலப்பதிகாரச் சொற்பொழிவாளர். அநீதியான ஒரு தீர்ப்பு. அரசவைக்குள் தனியாக நுழைகிற ஒருத்தி. நீதியின் பேரால் அரசனைக் கேள்வி கேட்கிறாள். பிறகு தலைநகரம் எரிகிறது. இது மதுரை. அநீதியான ஓர் ஆட்சி; நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியில் நிற்கும் நீதி தேவதையின் சிலையிடம், நீ எனக்குத் துரோகம் செய்தாய் என்று காதலனைப் போல வாதாடுகிற ஒருவன்; பிறகு அந்தக் கட்டடம் வெடிக்கிறது. இது இலண்டன். முதலாவது கற்பின் திண்மை, இரண்டாவது பயங்கரவாதம் என்றால் அளவுகோல் எங்கே வாங்கியது? கண்ணகியாவது பரவாயில்லை, யாரை விட்டுவிட வேண்டும் என்று அக்கினிக்கு ஒரு பட்டியல் கொடுத்தாள் என்பார் பண்டிதர். பட்டியலில் இல்லாத மதுரைக்காரன் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தாரா? அல்லது ஓர் ஊரை எரிப்பது செய்யுளில் நடந்தால் காப்பியம், கட்டம் போட்டு வரைந்தால் குற்றமா?

அதுவும் எந்த ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறார்! தலதா மாளிகைக்குப் பக்கத்திலேயே கண்ணகியின் பத்தினி தேவாலயம் இருக்கிறது. நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி என்று நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்களும் எசல பெரஹராவில் சேர்ந்துதான் போகும். ஒவ்வொரு வருடமும் யானை, தீப்பந்தம், மேளத்தோடு, அரச மரியாதையோடு, ஒரு தலைநகரத்தைக் கொளுத்திய பெண் கண்டி வீதியில் பவனி வருகிறாள். பாதையோரத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, சிங்களவரும் தமிழரும் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் காட்டுகிறார்கள். அந்தப் பிள்ளைகள் யாரும் பந்தத்தைப் பறித்துக்கொண்டு ஓடியதாக நான் அறியேன்.

நம்பிக்கை வறட்சி என்பது நான்காவது. இது எல்லா இருண்ட புத்தகத்துக்கும் எல்லா ஊரிலும் சொல்லப்படுகிற வசனம், நேரம் செலவழிக்கத் தேவையில்லை. சிறைக்குள் கழிவறைக் காகிதத்தில் வெலரி என்ற நடிகை எழுதிச் சுவர்த் துளைக்குள் செருகிவிட்டுப் போகிற கடிதம், முகம் தெரியாத அடுத்த கைதியை உயிரோடு வைத்திருக்கிறது. அதைப் பண்டிதர் ‘தேவையற்ற இடைச்செருகல்’ என்கிறார், அவள் நேசித்தது ஒரு பெண்ணை என்பதால் இருக்கலாம். பார்மசித் தங்கை அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்து இரண்டு நாள் திறக்கவில்லையாம்.

இந்த நாவலில் குறையே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. வாசித்திருந்தால் பண்டிதருக்கே கிடைத்திருக்கும். பாவம், நானே எடுத்துத் தருகிறேன். கோட்டுப் போட்ட அதிகாரிகளை லாய்ட் நிழலில் முக்கி வரைந்ததில் யார் எவர் என்று பாதிக்கதை வரைக்கும் குழப்பம். கடைசிப் பகுதியில் உபகதைகள் இடித்துக்கொண்டு நிற்கின்றன. எல்லாவற்றையும் விட, ஈவியைக் கடத்தி, மொட்டையடித்து, பட்டினி போட்டு, ஆட்சிதான் செய்கிறது என்று நம்பவைத்துச் சித்திரவதை செய்கிறவன் அதே முகமூடிக்காரன். அதற்கு அவன் வைக்கிற பெயர் விடுதலை. இதை மூர் கண்டிக்கிறாரா, பூசி மெழுகுகிறாரா? விடுதலையின் பேரால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனதைக் கண்ட ஒரு சமூகம் இந்தப் பக்கங்களை எப்படி வாசிக்க வேண்டும்? அன்றைக்கு எங்கள் மாடியில் இதற்காக ஒரு மணி நேரம் சண்டை நடந்தது, தண்ணீர்ப் போத்தல் கவிழ்ந்தது, இருவர் இன்னும் கதைக்கிறதில்லை. இந்தப் புத்தகத்துக்கு எதிரான உண்மையான வாதம் அங்கே கிடக்கிறது. பண்டிதர் அதைத் தாண்டி, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்து போயிருக்கிறார்.

அப்படியானால் அவரை எரிச்சலூட்டியது எது? எனக்கு ஓர் ஊகம். அன்று அந்த மாடியில் நான் ஒரு பக்கத்தை உரக்கத் தமிழில் சொல்லிக் காட்டினேன், அப்போதுதான் அவர் முகம் சுருங்கியது. முகமூடிக்காரன் தொலைக்காட்சி நிலையத்தைக் கைப்பற்றி நாட்டுக்கு உரையாற்றுகிறான். ஆட்சியாளரைத் திட்டவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறவர்களைத் திட்டுகிறான், வேலைக்கு லாயக்கில்லாத ஊழியனை முதலாளி கூப்பிட்டு விசாரிக்கிற தொனியில்: மூடர்களையும் கொடியவர்களையும் மேலே ஏற்றியது யார், அவர்கள் இட்ட கட்டளையையெல்லாம் கேள்வி கேட்காமல் ஏற்றது யார், இரண்டு வருடம் தருகிறேன், திருந்தாவிட்டால் வேலை போச்சு. படத்தில் இந்த உரை இப்படி இல்லை. அதனால்தான் படம் பார்த்தவர் தயாராகாமல் வந்து மாட்டிக்கொண்டார். சுற்றறிக்கை வந்தால் நிறைவேற்றுவேன், மேலிடம் சொன்னால் கையெழுத்திடுவேன் என்று முப்பத்தைந்து வருடம் கந்தோர் நாற்காலியில் இருந்து, ஒழுங்காக ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு, இலக்கியம் என்றால் ஒளி தர வேண்டும் என்று பேசித் திரிகிறவருக்கு அந்தப் பக்கம் சுட்டிருக்கும். கெட்டவர்களைக் காட்டுகிற கதை யாருக்கும் பிடிக்கும், நம்மை அவர்களிலிருந்து பிரித்துக் காட்டுகிறதே. குமாஸ்தாவைக் காட்டுகிற கதை வேறு ரகம்.

இந்த வாரம் ஓர் அழைப்பிதழ் வந்திருக்கிறது. கண்டியில் இலக்கிய விழா, பண்டிதரின் சிறப்புரை, தலைப்பு ‘நீதி கேட்ட நங்கை’. போவதாக இருக்கிறேன். துணிக்கடைப் பொடியனும் அன்றைக்கு லீவு எடுத்துவிட்டான். புத்தகம் இப்போது பார்மசித் தங்கையிடம் இருக்கிறது, வியாழக்கிழமை தருவாள். முன்வரிசையில் மடியில் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மதுரை பற்றியெரிகிற இடம் வரட்டும், கையை உயர்த்துகிறோம்.